கப்பலை நிறுத்திய ஒற்றைக் கால்

சேலம் ஜில்லாவில் ரூட்டுக்காரரைப் போல வழி தெரிந்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லாரி புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று மருந்து மாதிரி சொல்வார். அவர் காட்டிய வழியில் போனவர்கள் யாரும் இதை மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேச அவர்கள் ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டுமே.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எழுபதுகளில் அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. இருபது வருஷம் பம்பாய்க்கு லாரி ஓட்டிவிட்டு, முதுகு ஒத்துக்கொள்ளாமல் போனதும் புக்கிங் ஆபீஸில் லோடு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற லுங்கிக் கட்டுகள் அவர் கைபடாமல் வெளியூர் போகாது.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம், யாரிடமும் வழி கேட்கக் கூடாது. "வழி கேக்கறவனுக்கு எதுக்குங்க லைசென்சு? அவனுக்கு வாயே போதுமுங்களே" என்பார். இரண்டாவது சட்டம், வழி தெரியாத ஊரில் லோடு வண்டிக்குப் பின்னால் போக வேண்டும். "லோடு ஏத்துனவன் எங்கயோ போயிச் சேரோணுமுங்க. அவனுக்கு வழி தெரியும். காலி வண்டிக்காரன் சும்மா சுத்துவான். அவன் பின்னால போனா நாமளும் சுத்தோணும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எடப்பாடியில் ஒரு கல்யாணத்துக்கு வேன் பேசிக்கொண்டு போனபோது, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ரூட்டுக்காரர் உட்கார்ந்தார். பாதி தூரத்தில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. "கல்யாண ஊட்டுக்குத்தான் போகுது, பின்னாலயே உடு" என்றார். போனோம். அது ஒரு கல்யாண வீட்டுக்குத்தான் போனது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், இரண்டாவது பந்தியில் உட்கார வைத்தார்கள். பாயசம் வரும்போதுதான் எங்களில் ஒருவர் மணமேடையைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை நம்ம மாப்பிள்ளை மாதிரி இல்லீங்களே" என்றார். ரூட்டுக்காரர் நிமிரவே இல்லை. "பாயசம் நல்லா இருக்குதா இல்லையா? அதச் சொல்லு" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதரை நம்பி நான் கடல் கடந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன் என்றால், என் புத்தியைப் பற்றி நீங்கள் நினைப்பது சரிதான்.

அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து சிங்கப்பூருக்கு ஜனங்கள் ஏறிப்போகிற கப்பல் உண்டு. நடுவில் நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் நிற்கும். சேலத்தில் ஒரு டூர் ஏஜெண்ட், ஜவுளிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வெளிநாட்டுக் கடைத்தெருக்களைக் காட்டி வருகிறேன் என்று கிளம்பினார். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு சிவப்புக் குடை. விசில் ஊதினால் கூட வேண்டும், குடை போகிற திசையில் போக வேண்டும். எங்கள் ஊர் ஆட்டு மந்தைகளுக்குக் கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. சாம்பிள் கட்டுகளைப் பத்திரமாக ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும் என்று ரூட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டார்கள்.

நான் என் அப்பாவுக்குப் பதிலாகப் போனேன். வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் நான்கு தறிகள். வாங்கிக்கொண்டிருந்த வியாபாரி கையை விரித்துவிட்டதால் இரண்டு மாதமாக நான்கும் ஊமையாக நின்றன. அப்போது பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாயிடமிருந்து கடுதாசி வந்தது. சரக்கை நேரில் பார்க்காமல் ஆர்டர் தர மாட்டேன், கப்பலில் யாராவது வந்தால் சாம்பிளோடு கடைக்கு வரட்டும் என்று எழுதியிருந்தார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டுப்போட்ட கண்ணோடு என் முன்னால் உட்கார்ந்து, "பாயப் பாக்காம மட்டும் வந்துறாத சாமி" என்றார். அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சுகிற குரலில் பேசியதே இல்லை.

கப்பல் பினாங்கில் நிற்பது ஒரே ஒரு பகல். காலை எட்டுக்கு வந்து சாயந்திரம் ஐந்துக்குக் கிளம்பிவிடும். திரும்பி வருகிற வழியில் எங்களுக்கு இறங்க அனுமதி இல்லை. ஆக, அந்த ஒரு பகலில் பாயைப் பார்த்தால்தான் உண்டு.

கரை தெரிந்ததும் ஏஜெண்ட் விசில் ஊதி அன்றைய நிகழ்ச்சியை வாசித்தார். கீழே பஸ் நிற்கும். பாம்புக் கோயில் இருபது நிமிஷம், மலைக்கோயில் முக்கால் மணி, பூந்தோட்டம் அரை மணி, சாப்பாடு அரை மணி, கடைசியாகக் கடைத்தெரு அரை மணி.

"ஏனுங்க, கடைத்தெருவுக்கு அரை மணிதானுங்களா?" என்று கேட்டேன்.

"தம்பி, தனியா சுத்தறவங்க சுத்துங்க, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு. என் பஸ்ஸு லேட்டானா கப்பல் நிக்கும், ஏன்னா நான் எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க லேட்டானா கப்பல் போயிடும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. காரணம், பக்கத்தில் ரூட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"அரை மணியில பாயி டீ சொல்றதுக்கே பத்தாது சாமி. பாம்பப் பாக்கறதுக்கா அப்பன் உன்னைய அனுப்புனாரு? எங்கூட வா. பத்து மணிக்குக் கடையில நிப்போம். பன்னெண்டுக்கு ஆர்டர வாங்கிப்போட்டு, மத்தியானம் கப்பல்ல வந்து தூங்கிக்கலாம்."

கடையின் விலாசம் என் சட்டைப்பையில் இருந்தது. துறைமுகத்து வாசலில் தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரைக் கேட்டிருந்தால் கையை நீட்டிக் காட்டியிருப்பார். கடைத்தெரு அங்கிருந்து பத்து நிமிஷ நடை என்பது எனக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். ரூட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

மூட்டை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ரூட்டுக்காரர் குனிந்து அதன் சக்கரத்துக்கு மேலிருந்த வில் பட்டையைப் பார்த்தார். "பட்டை படிஞ்சு கெடக்குது. நல்ல லோடு. கடைத்தெருவுக்குத்தான் போகுது" என்று தீர்ப்பு சொன்னார். டிரைவர் ஒரு சீனர். ரூட்டுக்காரர் அவரிடம் பம்பாய் ரோட்டு ஹிந்தியில் ஏதோ கேட்டார். சீனருக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் லாரி டிரைவருக்கு லாரி டிரைவரைத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி இரண்டு நிமிஷம் ஓடியது. பிறகு நேராகப் போய் ஒரு பெரிய படகுக்குள் நுழைந்து நின்றது.

"அண்ணா, படகுல ஏறிடுச்சுங்க!"

"ஏறட்டும். நம்ம பூலாம்பட்டியில காவேரியத் தாண்டறதுக்குப் பரிசல்ல ஏறறதில்லையா? அக்கரையில கடைத்தெரு இருக்கும்."

"இது கடலுங்கண்ணா."

"பெரிய ஆறா இருக்கும், சும்மா இரு."

படகின் ஓரத்தில் தெறித்த அந்த ஆற்றுத் தண்ணீரை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டார்.

அக்கரையில் இறங்கி வண்டி இன்னும் ஐந்தாறு மைல் போனது. ஒரு கிடங்கு வாசலில் நின்றது. அங்கே வரிசையாக இருபது லாரிகள். ரூட்டுக்காரருக்குச் சொந்த ஊருக்கு வந்த சந்தோஷம். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் புகுந்து பார்த்தார். "பாடி கட்டுனதப் பாரு, நம்ம நாமக்கல்லுல கட்டுனா இப்பிடியா ஆடும்?" என்று பலகையைத் தட்டிக் காட்டினார். டிரைவர்கள் கூடிவிட்டார்கள். யாருக்கும் யார் பாஷையும் புரியவில்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் பிரமாதமாகப் பேசிக்கொண்டார்கள். சோறு போட்டார்கள், மீன் குழம்பு ஊற்றினார்கள். ஒரு வண்டியில் பிரேக் சரியில்லை என்று ரூட்டுக்காரர் சைகையிலேயே கண்டுபிடித்துச் சொல்ல, அதைக் கழற்றிப் பூட்டுகிற வரைக்கும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் லுங்கிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இந்த மனிதரை நம்பியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து போய், டீக்கடையில் இருந்த தமிழரிடம் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, பினாங்கு கடைத்தெரு எந்தப் பக்கமுங்க?"

அவர் என்னையும் கட்டையும் பார்த்தார். பிறகு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். அவர் காட்டிய திசையில் தென்னை மரங்கள் இருந்தன. "அங்கிட்டுப் போயி, கடலைத் தாண்டணும் தம்பி. அது தீவுல்ல? இது வேற கரை."

மணி இரண்டரை ஆகியிருந்தது.

நான் ரூட்டுக்காரரிடம் ஓடினேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பெரியவர் என்றும் பார்க்காமல், "உங்க ரூட்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். அங்க நாலு தறி நிக்குதுங்க. எங்கப்பன் கண்ணக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு!" என்றேன். கையில் கிரீஸோடு எழுந்து நின்றார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிரேக் சரியான வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு பறந்தார். படகுத்துறையில் நீள வரிசை. படகில் ஏறிய பிறகு அது நகர்கிற வேகத்துக்கு நான் இறங்கி நீந்தியிருக்கலாம். எதிரே எங்கள் கப்பல் வெள்ளையாக நின்றது. வழி முழுக்க ரூட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

தீவில் கால் வைத்தபோது மணி நாலேகால்.

"கடை வேண்டாமுங்கண்ணா. கப்பலுக்கே போயிறலாம்" என்றேன்.

ரூட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். அங்கே ஒரு தமிழ் ரிக்‌ஷாக்காரர் நின்றார். ரூட்டுக்காரர் அவர் அருகில் போய், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, கடைத்தெருவுக்கு எப்பிடிப் போறதுங்க?" என்று கேட்டார்.

இருபது வருஷம் பம்பாய் ரோட்டில் கேட்காத கேள்வி அது. எனக்கே கூச்சமாக இருந்தது.

"நீ போ சாமி. லுங்கியக் காட்டி ஆர்டர வாங்கிட்டு வா. வண்டிய நான் நிறுத்தி வெக்கறேன்."

"கப்பலையா?"

"எல்லாம் வண்டிதான். போ."

ரிக்‌ஷா கடை வாசலில் நின்றபோது, எதிரிலேயே எங்கள் ஏஜெண்டின் பஸ். சிவப்புக் குடை, விசில், பாம்பு பார்த்துக் களைத்த முகங்கள். காலையில் அந்த பஸ்ஸிலேயே ஏறியிருந்தால் எந்த நேரத்துக்கு அந்தக் கடைக்கு வந்திருப்பேனோ, ரூட்டுக்காரரின் புண்ணியத்தில் இரண்டு தடவை கடல் தாண்டி, அதற்கும் பின்னால் வந்து சேர்ந்திருந்தேன். அவர்களுடைய அரை மணி முடிந்துவிட்டது.

"தம்பி, ஏறு ஏறு! கப்பலுக்கு நேரமாச்சு!" என்றார் ஏஜெண்ட்.

"பாயைப் பாக்கோணுமுங்க. ரூட்டண்ணன் கப்பல நிறுத்தி வெக்கறேன்னாருங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. ஏஜெண்ட் சிரிக்கவில்லை. "நல்லாக் கேளு. இப்ப ஏறலைன்னா நான் பொறுப்பில்ல" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, முத்திரை குத்தி, எண்ணி ஏற்றுகிற பஸ். இன்னொரு பக்கம் கடலை ஆறு என்று சொன்ன மனிதரின் வாய் வார்த்தை. நான் அப்பாவின் கண்கட்டை நினைத்துக்கொண்டு கடைக்குள் போனேன். பின்னால் விசில் கேட்டது. பஸ் போய்விட்டது.

பாய் அவசரமே தெரியாத மனிதர். "வாங்க தம்பி, உக்காருங்க. வெண்ணந்தூரா? டீ சாப்பிடுங்க" என்றார். டீ வந்தது. லுங்கியை விரித்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கைக்குட்டையை நனைத்துக் கட்டத்தின் மேல் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தார். இன்னொரு லுங்கியை எடுத்தார். அதையும் தேய்த்தார். சுவரில் கடிகாரம் நாலு ஐம்பதைக் காட்டியது. எனக்கு டீ உள்ளே இறங்கவில்லை. கடைசியாக, "உங்க அத்தா நெசவுல பொய் இல்ல தம்பி. மாசாமாசம் அனுப்பச் சொல்லுங்க" என்று எழுதிக் கொடுத்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இன்னும் பினாங்கில்தான் இருக்கிறது.

துறைமுகத்துக்குள் நுழையும்போது ஐந்தேகால் தாண்டிவிட்டது. கப்பல் நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புகிற நேரத்தில் கூட வர வேண்டிய ஆள் வரவில்லையென்றால், ஒரு காலைப் படியில் வைத்து இன்னொரு காலைத் தரையில் ஊன்றி நிற்போம். "ஒரு ஆளு வருதுங்க" என்போம். கண்டக்டர் திட்டுவார், டிரைவர் ஹாரன் அடிப்பார். ஆனால் தரையில் ஒரு கால் இருக்கிற வரைக்கும் பஸ் நகராது.

கப்பலின் ஏணிப்படியில் ரூட்டுக்காரர் அப்படித்தான் நின்றார். ஒரு கால் படியில், ஒரு கால் பினாங்கில். இரண்டு கைகளும் கயிற்றை இறுகப் பிடித்திருந்தன. மேலே வெள்ளை உடுப்பு அதிகாரி ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தார். ரூட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பதிலையே ஹிந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஏக் ஆத்மி ஆத்தா ஹை சாப்."

"ஒண்ணு ஏறித் தொலையுங்க, இல்ல எறங்கித் தொலையுங்க!" என்று மேலிருந்து ஏஜெண்ட் அலறினார்.

"ஏறிட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றார் ரூட்டுக்காரர்.

என்னைப் பார்த்ததும், "வந்துட்டான் பாருங்க, இதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது காலை எடுத்துப் படியில் வைத்தார். கேட்ட முதல் கேள்வி, "ஆர்டரு?" காகிதத்தைக் காட்டினேன். "அப்பவே சொன்னனில்ல, பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிரும்னு" என்றார். மத்தியானம் குனிந்த தலையை அக்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

கப்பல் நின்றது வெங்காய மூட்டை இறங்கத் தாமதம் ஆனதால்தான் என்று ஏஜெண்ட் சிங்கப்பூர் வரைக்கும் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டு வந்தார். இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. வெங்காயத்தை நான் பார்க்கவில்லை, அந்தக் காலைப் பார்த்தேன். மறு மாசம் எங்கள் வீட்டில் நான்கு தறியும் ஓடின.

அதற்குப் பிறகு புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் பினாங்குக் கதை தினமும் ஓடியது. அவர் சொல்கிறபடி பார்த்தால், பஸ்ஸில் போனவர்கள் ஊருக்கு முன்பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். எங்களுக்கு அவர் பின்பக்கத்தையும் காட்டினார். கப்பல் நின்ற நேரம் முதல் வருஷம் அரை மணி, மூன்றாம் வருஷம் இரண்டு மணி, எண்பதுகளில் அரை நாள் ஆகிவிட்டது. பக்கத்தில் நான் இருந்தால், "ஏஞ்சாமி, சொல்லு" என்பார். நானும் சொல்வேன், "ஆமாங்க, அரை நாள்."

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், ஈரோட்டில் நான் கடை வைத்திருந்தபோது, ரூட்டுக்காரர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. உடனே கிளம்பியும் ராசிபுரம் போய்ச் சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. இரண்டு மணிக்கே எடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தெருமுனையில் இறங்கி ஓடினேன். முகம் கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே. எனக்காகக் கப்பலை நிறுத்திய மனிதருக்கு ஒரு மணி நேரம் லேட்டாக வருகிறேன்.

தெருவில் மாலை போட்ட லாரி நின்றுகொண்டிருந்தது. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், டிரைவர் ஹாரன் அடித்தார். அவருடைய மகன் ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான்.

"வாங்கண்ணா. வெண்ணந்தூருத் தம்பி லேட்டாத்தான் வருவான், சித்த நிறுத்தி வெய்யின்னு அப்பன் சொல்லிட்டுத்தான் போனாருங்க" என்றான்.

ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதேன். சுடுகாடு நேர் ரோட்டில் அரை மைல்தான். அவர் மட்டும் எழுந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், லோடு வண்டி ஒன்றைக் காட்டி எங்களைத் தம்மம்பட்டி வரைக்கும் சுற்ற விட்டிருப்பார். அன்றைக்கு ஒரு நாள் அந்த வழியிலேயே போக எனக்குக் கொள்ளை ஆசையாக இருந்தது.